அதே பெயர், வேறு தொகுதி: சட்டமன்றத் தொகுதி ஒன்றின் வரலாற்றை எப்படிப் படிப்பது

தேர்தல் நெருங்கினால் தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் ஒரு வசனம் வரும்: "இந்தத் தொகுதி ஐம்பது வருஷமா அந்தக் கட்சியோட கோட்டை." சொல்லும்போதே திரையில் 1952 முதல் அங்கே வென்றவர்களின் பட்டியல் ஓடும். பட்டியலில் பிழை இருக்காது. ஆனால் 1952இல் அந்தப் பெயரில் இருந்த தொகுதிக்குள் அடங்கிய ஊர்களும் இப்போது அடங்கும் ஊர்களும் ஒன்றா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான தொகுதிகளுக்கு அதற்குப் பதில் "இல்லை" என்பதுதான்.

நகரப் பேருந்தின் தட எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். எண் அதேதான். ஆனால் புறப்படும் இடம் மாறியிருக்கும், நடுவில் நாலு நிறுத்தங்கள் போயிருக்கும், ஏரிக்கரையில் முளைத்த புதுக் குடியிருப்பு வரைக்கும் தடத்தை நீட்டியிருப்பார்கள். எண் ஒன்றாக இருப்பதால் இருபது வருடத்துக்கு முன் ஏறியவர்களும் இப்போது ஏறுகிறவர்களும் ஒரே ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள். தொகுதியின் பெயரும் இந்தத் தட எண் போலத்தான். அதன் எல்லைக் கோடு எப்படிப் போடப்படுகிறது, எப்போது மாறுகிறது என்று தெரிந்தால்தான் வெற்றிப் பட்டியலுக்கு அர்த்தம் வரும். திருவாரூரை முக்கிய உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

தொகுதி என்பது எது, எது இல்லை

சட்டப்பேரவைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்காக, சட்டப்படி எல்லை குறிக்கப்பட்ட நிலப்பரப்புதான் சட்டமன்றத் தொகுதி. அவ்வளவே. வட்டத்துக்குத் தாசில்தார் இருக்கிறார், ஒன்றியத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கிறார், மாநகராட்சிக்கு ஆணையர் இருக்கிறார். தொகுதிக்கென்று இப்படி ஒரு நிர்வாக அதிகாரி கிடையாது. அது வசூலிக்கும் வரியும் கிடையாது. வாக்காளர் பட்டியலிலும் சட்டப்பேரவையின் இருக்கையிலும்தான் அதன் உயிர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். வரிசை எண் 1 கும்மிடிப்பூண்டி, 234 கிள்ளியூர், 168 திருவாரூர். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. 39 மக்களவைத் தொகுதிகள் ஆறு ஆறாக 234. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள்தான் இருக்க வேண்டும், இரண்டாகப் பிரியக் கூடாது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திருவாரூர் மாவட்டத்தில் நான்கு தொகுதிகள்: திருவாரூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி. முதல் மூன்றும் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன, மன்னார்குடி மட்டும் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில். ஒரே மாவட்ட ஆட்சியர், இரண்டு எம்.பி.க்கள்.

"எங்க தெருவுக்கு ரோடு போடாத எம்.எல்.ஏ." என்ற கோபத்திலும் இந்தக் குழப்பம்தான் இருக்கிறது. உள்தெருச் சாலை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் உள்ளாட்சியின் வேலை. சட்டம், வரவு செலவுத் திட்டம், அமைச்சரைக் கேள்வி கேட்பது ஆகியவை எம்.எல்.ஏ.வின் வேலை. அவர் நேரடியாகப் பணிகளைப் பரிந்துரைக்கக் கூடிய பணம் ஒன்றுதான்: தொகுதி மேம்பாட்டு நிதி. தொகுதி பெரிதோ சிறிதோ, எல்லாருக்கும் ஒரே தொகை. அந்தச் சமம் எப்படிச் சமமில்லாமல் போகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கோடு போடுவது யார், எந்தக் கணக்கில்

தொகுதிகளின் எல்லையை மக்கள்தொகைக்கு ஏற்பத் திருத்தி வரைவதே தொகுதி மறுவரையறை. ஆளுங்கட்சி தனக்கு வசதியாக வரைந்துகொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மாநில அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி மறுவரையறை ஆணையம் அமைக்கும். இதுவரை அப்படி நான்கு சட்டங்கள் வந்திருக்கின்றன: 1952, 1962, 1972, 2002. தமிழ்நாட்டுக்குக் கோடு போட்ட கடைசி ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒருவரும் மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம். அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆணையத்தின் இறுதி ஆணை சட்டத்துக்குச் சமம். அவையில் வைக்கப்படும், அவையால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

இனி கணக்கு. இப்போதைய எல்லைகள் 2008இல் நடைமுறைக்கு வந்தவை, அடிப்படை 2001 கணக்கெடுப்பு. அப்போது தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடி. 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2.67 லட்சம் பேர். இது மக்கள்தொகை, குழந்தைகளும் உண்டு. வாக்காளர் எண்ணிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் மிகச் சாதாரணமான தவறு.

அடுத்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எத்தனை தொகுதி என்று பார்ப்பார்கள். திருவாரூர் மாவட்டத்தில் 11.69 லட்சம் பேர். 2.67ஆல் வகுத்தால் 4.4, எனவே 4 தொகுதிகள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில், அன்று மயிலாடுதுறையும் அதற்குள் இருந்தது, 14.89 லட்சம் பேர். வகுத்தால் 5.6, எனவே 6. முழு எண்ணாக்கும் இந்த இடத்தில் யாரோ லாபமடைவார்கள், யாரோ இழப்பார்கள். திருவாரூர்க்காரருக்கு 2.92 லட்சம் பேருக்கு ஒரு எம்.எல்.ஏ., நாகப்பட்டினத்துக்காரருக்கு 2.48 லட்சம் பேருக்கு ஒருவர். சராசரியிலிருந்து பத்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்று ஆணையம் வைத்துக்கொண்ட வரம்புக்குள் இரண்டும் வந்துவிடுகின்றன, திருவாரூர் விளிம்பில்.

மாவட்டத்துக்குள் கோடு போடும்போது கத்தி எங்கே விழலாம் என்பதற்கும் விதி உண்டு. வருவாய்க் கிராமத்தை உடைக்கக் கூடாது, நகரத்தில் வார்டை உடைக்கக் கூடாது. பகுதி தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆறு, மலை, போக்குவரத்து வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் 2004 பிப்ரவரியில் இருந்த வட்டம், கிராமம், வார்டு எல்லைகளின்படி நடந்தது. அந்தத் தேதியை நினைவில் வையுங்கள், அதனால் வரும் வேடிக்கை பின்னால் இருக்கிறது.

சுருக்கமாக: மொத்த மக்கள்தொகையை 234ஆல் வகுத்துச் சராசரி எடுக்கிறார்கள், அதை வைத்து மாவட்டத்துக்குப் பங்கு, மாவட்டத்துக்குள் கிராமமும் வார்டும் உடையாமல் கோடு. கட்சி, சாதி வாக்கு, பழைய வரலாறு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்படும் தனித் தொகுதி. அதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

375லிருந்து 234 வரை

1952இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவையில் 375 இடங்கள். தொகுதிகளோ 309தான். மிச்சம் எப்படி வந்தது? 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள்: ஒரே எல்லைக்குள் இரண்டு உறுப்பினர்கள், அதில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு, இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. அன்றைய மாகாணத்தில் கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார் எல்லாம் சேர்ந்திருந்தன. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மலபார் கேரளத்துக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. 1957 தேர்தலில் இடங்கள் 205, 1962இல் 206, 1967இல் 234. அதன் பிறகு அந்த எண் அசையவே இல்லை.

இரட்டைத் தொகுதியில் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒதுக்கப்பட்ட இடத்துக்கு முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பொது இடத்துக்கு மீதமுள்ள அனைவரிலும் அதிக வாக்கு வாங்கியவரை எடுப்பார்கள். பொது இடம் யாருக்கும் திறந்ததுதான். 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றமும் அந்த முடிவு சரிதான் என்றது. 1961இல் இரட்டை உறுப்பினர் முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பழைய பட்டியல்களில் 1952, 1957 ஆண்டுகளுக்கு நேரே இரண்டு வெற்றியாளர் பெயர் இருந்தால் காரணம் இதுதான். அச்சுப்பிழை என்று ஒன்றை அடித்துவிட வேண்டாம்.

தனித் தொகுதி: திருவாரூருக்கு நடந்தது

தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டும்தான் குறிப்பிட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்களிப்பவர்கள் எல்லாரும். "தனித் தொகுதியில் அவங்க மட்டும்தான் ஓட்டுப் போடுவாங்க" என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒருநாளும் நம் சட்டமன்றத் தேர்தல் முறையாக இருந்ததில்லை. எதிர்த் திசையில், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் பொதுத் தொகுதியில் நிற்கவும் எந்தத் தடையும் இல்லை.

எத்தனை தனித் தொகுதி என்பதும் வகுத்தல் கணக்குத்தான். 2001இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 19 சதவீதம். 234இல் 19 சதவீதம் 44 சொச்சம், எனவே 44. பழங்குடியினர் 1.04 சதவீதம், கணக்கில் 2.4, எனவே 2. அதற்கு முன் 42, 3 என்று இருந்தன. உப்பிலியாபுரம் போய், ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும் பழங்குடித் தொகுதிகளாக நின்றது இப்படித்தான். பழங்குடித் தொகுதியை அவர்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள இடத்தில் வைப்பார்கள். பட்டியல் சாதித் தொகுதிகளை ஒரே மூலையில் குவிக்காமல் மாநிலம் முழுக்கப் பரப்ப வேண்டும் என்பது சட்டம். அதனால் முதலில் மாவட்டத்துக்குப் பங்கு, பிறகு மாவட்டத்துக்குள் விகிதம்.

இப்போது திருவாரூர். 2006 தேர்தல் வரை அது தனித் தொகுதி. நன்னிலமும் தனி, திருத்துறைப்பூண்டியும் தனி, வலங்கைமானும் தனி. காவிரிக் கடைமடையில் பட்டியல் சாதி மக்கள் விகிதம் மாநிலச் சராசரியைவிட மிக அதிகம் என்பதால் பழைய வரைபடத்தில் இப்படி நெருக்கமாக விழுந்திருந்தது. 2008இல் மாவட்டத்துக்கு மொத்தமே நான்கு தொகுதி என்றானது. தனித் தொகுதிப் பங்காக ஒன்றுதான் கிடைத்தது, அது திருத்துறைப்பூண்டிக்குப் போனது. வலங்கைமான் என்ற தொகுதியே வரைபடத்திலிருந்து மறைந்தது. திருவாரூரும் நன்னிலமும் பொதுத் தொகுதிகளாயின. பக்கத்து மாவட்டத்தில் கீழ்வேளூர் என்ற புதுத் தனித் தொகுதி பிறந்தது.

இதன் விளைவு ஊரறிந்தது. மு. கருணாநிதி பிறந்த திருக்குவளை அந்தப் பக்கம், படித்தது திருவாரூரில். ஆனால் 1957இல் குளித்தலை, 1962இல் தஞ்சாவூர், பிறகு சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று நின்றவர் திருவாரூரில் முதன்முதலாக நின்றது 2011இல்தான். அப்போதுதான் சட்டப்படி நிற்க முடிந்தது. அதே 2008 வரைபடம் அவருடைய சேப்பாக்கம் தொகுதியைத் திருவல்லிக்கேணியோடு சேர்த்து ஒன்றாக்கியிருந்தது. "கடைசியில் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்" என்று எழுதியவர்கள் பலர். வரைபடம் மாறியதையும் ஒரு வரி சேர்த்திருந்தால் கதை முழுமையாகியிருக்கும்.

சுருக்கமாக: ஒதுக்கீடு தொகுதிக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் குணம் இல்லை. மறுவரையறை வரும்போதெல்லாம் மீண்டும் கணக்குப் போடப்படும்.

எண் உறைந்தது, மக்கள் நகர்ந்தார்கள்

234 ஏன் அசையவில்லை? 1976இல் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி இருந்த இடங்களின் எண்ணிக்கையை 2001 கணக்கெடுப்பு வரை உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் இடங்களை இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பூட்டிவிட்டு, மாநிலத்துக்குள் எல்லையைச் சரிசெய்ய அனுமதித்தார்கள். 87ஆவது திருத்தம் அதற்கு 2001 கணக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னது.

இங்கேதான் பொதுப் பேச்சு மிகவும் கலங்குகிறது. மறுவரையறை என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே மக்களவை இடங்களைப் பங்கிடுவது ஒன்று. வடக்கு, தெற்கு என்ற சண்டை அதைப் பற்றியது. மாநிலத்துக்குள் கோடுகளை மாற்றுவது இன்னொன்று. 2008இல் நடந்தது இரண்டாவது மட்டும். தமிழ்நாட்டுக்கு ஓர் இடமும் கூடவில்லை, குறையவில்லை, ஆனால் ஏராளமான தொகுதிகள் உருமாறின. சென்னையில் 14 தொகுதிகள் 16 ஆயின. புரசைவாக்கம், பூங்கா நகர் போன்ற பெயர்கள் போயின. கொளத்தூர், வேளச்சேரி, விருகம்பாக்கம் வந்தன.

கோடு ஒருமுறை விழுந்தால் கால் நூற்றாண்டு கூட அப்படியே கிடக்கும். மக்கள் கிடக்க மாட்டார்கள். சோழிங்கநல்லூர் தொகுதியைப் பாருங்கள்: துரைப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம் எல்லாம் அதில் வரும். 2001இல் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. 2021 வாக்காளர் பட்டியலில் மாநிலத்திலேயே பெரிய தொகுதி அதுதான், ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள். மிகச் சிறியது சென்னைத் துறைமுகம், ஏறத்தாழ 1.76 லட்சம். இரண்டுக்கும் ஒரு எம்.எல்.ஏ. இரண்டுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று வைத்தால், துறைமுகத்தில் தலைக்கு 170 ரூபாய், சோழிங்கநல்லூரில் 43 ரூபாய். பேரவையில் ஒரு வாக்கு என்பதிலும் இதே நான்குக்கு ஒன்று வித்தியாசம்.

முன்பு சொன்ன 2004 தேதியின் வேடிக்கையும் இங்கேதான். கோடு போட்டபோது அந்தப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டம். 2011இல் பாதி சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2018இல் சோழிங்கநல்லூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தொகுதியின் கோடு மட்டும் நகரவில்லை. ஆகவே துரைப்பாக்கத்துக்காரர் வீட்டு வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, 2021இல் அவர் வாக்கை எண்ணியது செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில். சென்னை மாவட்டத்தில் குடியிருப்பவர் "சென்னையின் 16 தொகுதிகள்" பட்டியலில் தன் தொகுதியைக் காணாமல் குழம்புவது அவர் தவறல்ல.

பட்டியலைப் படிக்கும் முறை

இனி ஒரு தொகுதியின் வெற்றிப் பட்டியல் கையில் கிடைத்தால் முதலில் நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள்: 1957க்கு முன், 1967க்கு முன், 1977க்கு முன், 2011க்கு முன். மாநிலப் பிரிவினையோ மறுவரையறையோ நடந்து, புதிய எல்லையில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல்கள் இவை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் உள்ள முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். 1957இல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது என்றால் மட்டும் 1962க்கு முன்னும் ஒரு கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டி ஒப்பிட்டால் கவனம் வேண்டும். 2006இல் இவ்வளவு வாக்கு, 2011இல் இவ்வளவு, எனவே "இத்தனை சதவீதம் சரிவு" என்று எழுதுவது பெரும்பாலும் வீண் கணக்கு. உண்மையிலேயே ஒப்பிட வேண்டுமானால் படிவம் 20 வேண்டும். அது வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்கைக் காட்டும் தேர்தல் ஆவணம். பழைய தொகுதிகளின் சாவடிகளில் எவை இன்றைய எல்லைக்குள் வருகின்றன என்று ஊர்ப் பெயரை வைத்துப் பிரித்தெடுத்துக் கூட்ட வேண்டும். சாவடி எண்ணை நம்பாதீர்கள், அது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். எந்தக் கிராமம், எந்த வார்டு என்பது 2008 மறுவரையறை ஆணையின் அட்டவணையில் வட்டம் வாரியாக இருக்கிறது.

கொளத்தூர் போன்ற தொகுதிக்கு 2011க்கு முன் வரலாறே இல்லை. மு.க. ஸ்டாலின் அங்கே முதல் தேர்தலில் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கில்தான் தப்பினார். பிறகு 2016, 2021 இரண்டிலும் வென்றார். அதை "பரம்பரைக் கோட்டை" என்றால், 2021இல் அந்தப் பரம்பரைக்கு வயது பத்துதான்.

பெயர்களிலும் கண் வேண்டும். திருவாரூர்ப் பட்டியலில் 1977க்கு நேரே மு. கருணாநிதி என்று தி.மு.க. வெற்றியாளர் ஒருவரைக் காணலாம். அவர் வேறொருவர், தாழை மு. கருணாநிதி. தொகுதி அப்போது தனித் தொகுதி என்பது தெரிந்தவருக்கு அந்த இடத்தில் சந்தேகமே வராது.

ஐந்தாண்டு வரிசையில் பொருந்தாத ஆண்டு தென்பட்டால் அது பொதுவாக இடைத்தேர்தல். உறுப்பினர் இறந்தாலோ, விலகினாலோ, தகுதியிழந்தாலோ ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். பேரவையின் மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் தள்ளிப்போடலாம். திருவாரூர்ப் பட்டியலில் 2019 என்ற வரி அப்படி வந்தது. 2018 ஆகஸ்டு 7 அன்று கருணாநிதி மறைந்தார். நவம்பரில் கஜா புயல் டெல்டாவை அடித்துப் போட்டது. 2019 ஜனவரி 28 என்று அறிவிக்கப்பட்ட இடைத்தேர்தல், நிவாரணப் பணிகளைக் காரணம் காட்டி ரத்தானது. கடைசியில் ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து வாக்குப்பதிவு நடந்து, மே 23 அன்று பூண்டி கே. கலைவாணன் வென்றதாக அறிவிக்கப்பட்டார். புயலும் நிவாரணமும் விவாதத்தில் இருந்த அந்த ஒன்பதரை மாதமும் 168ஆம் தொகுதிக்குப் பேரவையில் உறுப்பினர் இல்லை. பட்டியலில் அது வெற்று வரியாகக்கூடத் தெரியாது. 2016க்குக் கீழே 2019 என்று மட்டும் இருக்கும்.